பாரதி பூங்கா, புதுச்சேரி

புதுச்சேரிக் கடற்கரைக்கு அருகே, ஆளுநர் மாளிகையை ஒட்டிப் பரந்து கிடக்கும் மரநிழல் சதுக்கம். முன்பு ஒரு கோட்டை நின்ற இடம் இது. அந்தக் கோட்டை தரைமட்டமானதால்தான் ஊரின் நடுவில் இவ்வளவு பெரிய வெளி கிடைத்தது.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சு வணிகக் குடியிருப்பை நிறுவினார். 1693-இல் டச்சுக்காரர் அதைப் பிடித்து, 1699-இல் திருப்பித் தந்தனர். நேர்கோடாக ஓடி ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் தெருக்களுக்கு அவர்கள் போட்ட வரைபடமே அடிப்படை. பின்னர் மர்த்தேன் எழுப்பிய ஐங்கோணக் கோட்டை 1706-இல் முடிந்தது. அவ்வாண்டின் கடைசி நாளில் அவர் காலமானார். உடல் கோட்டைக்குள்ளேயே அடக்கமானது.

கோட்டையைச் சுற்றி ஊர் பெருகியதற்குத் துணி வாணிபமே காரணம். நெசவாளர், சாயமிடுவோர், தரகர் என உழைப்பும் முதலும் போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆனாலும் ஊர் அவர்களைச் சமமாக நடத்தவில்லை. 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் இடிக்கப்பட்டது. அவருடைய துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை வேதனையோடு பதிந்திருக்கிறார். அந்தக் காலப் புதுச்சேரியைத் தமிழர் கண்ணால் பார்க்க நமக்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. பிள்ளை காலமானது 1761 ஜனவரியில். அதே மாதம் ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் கோட்டையோடு வெள்ளையர் நகரையும் இடித்துத் தள்ளினர்.

1765-இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் பழைய தெருக்கோடுகளின் மேலேயே அதைக் கட்டியெழுப்பினார். கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி, இடையில் பெரிய வாய்க்கால் என்ற பிரிவு நிலைத்தது. ஆங்கிலேயர் அதன்பின்னும் ஊரைப் பலமுறை பிடித்தார்கள்; 1816-க்குப் பிறகே அமைதி வந்தது.

சதுக்கத்தின் நடுவிலுள்ள வெள்ளை மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாகக் கட்டியது. அங்கே ஆயி என்ற தாசி குளம் வெட்டிய கதை வழங்கியதால் மண்டபத்துக்கு அவள் பெயர். விளக்கொளியில் மின்னிய அவள் மாளிகையைக் கோயிலென்று எண்ணி வணங்கிய கிருஷ்ணதேவராயர், உண்மை தெரிந்ததும் அதை இடிக்கச் சொன்னாராம். அவளே அதை இடித்து அங்கே குளம் தோண்டினாளாம்.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. பூங்கா, 1908 முதல் 1918 வரை இவ்வூரில் அடைக்கலமாக வாழ்ந்த பாரதியின் பெயரைப் பெற்றது. ஆயி மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னம்.