சாலையில் சோறும் படிப்பும்

என் அப்பா தவசிப்பிள்ளை. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்கட்டில் தங்கி, கல்யாணங்களுக்குச் சமைத்தவர். ஐம்பது இலைக்கு ஒரு பறை அரிசி என்பது அவர் கணக்கு. எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லக் கடைக்காரர் சிட்டை எழுதுவார்; கடைசியில் கொத்தமல்லி ஒரு பிடிகூட மிஞ்சாது. நான் அரசு ஆஸ்பத்திரிச் சமையலறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். மகள் இன்னோர் அரசுச் சமையலறையில் மேற்பார்வையாளர். ராத்திரியில் உட்கார்ந்து விருந்தோம்பல் நிர்வாகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறாள்.

போன மாதம் கேட்டாள்: "அப்பா, தலைமைப் பண்பு பத்திக் கட்டுரை எழுதணும். புஸ்தகத்துல வர்றது எல்லாமே பெரிய பெரிய ஓட்டல். நம்ம ஊர்ல ஒண்ணும் கிடையாதா?"

"நீ தெனமும் நடக்குற தெருவோட பேரே அதுதானே மக்கா" என்றேன்.

சாலை என்றால் இன்றைக்கு ரோடு. பழைய சாசனங்களில் அது மாணவர்கள் தங்கி, உண்டு, படித்த இடம். கடைத்தெருவின் கிழக்குக் கோடியைத் தாண்டினால் வலியசாலை. அங்கே காந்தளூர் மகாதேவர் கோயில். காந்தளூர்ச் சாலை இருந்தது இங்கேதான் என்று பலரும், விழிஞ்ஞம் பக்கம் என்று சிலரும் சொல்வார்கள். அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. அந்தச் சாலையின் பேரும் பெருமையும் கி.பி. 866இலேயே நிலைத்திருந்தன என்பதற்குச் செப்பேடு இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை நிறுவியபோது, காந்தளூர் முறைப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தான். 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள். வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14 என்று இடங்கள். இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். சபைக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது. இன்றைய கணக்கில் அது முதுகலைப் படிப்புதான். லொசான் நகரில் ஓட்டல் பள்ளி திறந்தது 1893இல் என்று மகளின் பாடப் புத்தகம் சொல்கிறது. இருக்கட்டும்.

ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் முதல் வெற்றியாகச் சொல்லிக்கொண்டது, காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததை. கலம் என்றால் கப்பல். ஆகவே துறைமுகத்தில் கப்பல்களை அழித்தான் என்பது ஒரு கட்சி. கலம் என்றால் உண்கலம். ஆகவே சாலையில் சாப்பாட்டு எண்ணிக்கையை வரையறுத்தான் என்பது இன்னொரு கட்சி. எங்கள் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'காந்தளூர்ச் சாலை' என்று தனியாக ஒரு நூலே எழுதினார். நான் உண்கலக் கட்சி. ஒரு வார்டின் சாப்பாட்டு எண்ணிக்கையில் நாலு குறைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும், கப்பலை உடைப்பது அதைவிடச் சுலபம்.

அந்த 95 பேருக்கு என்ன இடம், என்ன ஒழுக்கம் என்று இவ்வளவு எழுதியவர்கள், அவர்களுக்குப் பொங்கிப்போட்டவன் எங்கே, எப்படித் தொழில் படித்தான் என்று எழுதவில்லை. நான் மகளிடம் சொன்னது இதைத்தான்.

கடைத்தெரு பிற்காலத்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்தது. கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை; தமிழ்நாட்டுச் சரக்கு கரமனை வழியாக வண்டியில் வந்து இறங்கும். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு வருடத்துக்கு ஒருமுறை முறைஜபம், 56 நாள், முடிவில் லட்சதீபம். அத்தனை வைதிகர்களுக்கும் நாள் தவறாமல் சாப்பாடு. அவியல் பிறந்தது இந்த முறைஜபத்தில்தான் என்று ஒரு கதை உண்டு: மிஞ்சிய காய்த்துண்டுகளை வீணாக்காமல் ஒன்றாக வேகவைத்த ஏதோ ஒரு சமையல்காரனின் யுக்தி. கதை மெய்யோ பொய்யோ, கலவறையை, அதாவது சாமான் அறையைத் தெரிந்த ஒருவன்தான் அதைக் கட்டியிருக்க முடியும். மகளுடைய பாடத்தில் இதற்குக் கழிவு மேலாண்மை என்று பெயர்.

சமஸ்தானம் முழுக்க அரசு செலவில் ஊட்டுப்புரைகளும் இருந்தன. சாப்பாடு பிராமணர்களுக்கு மட்டும், வரி எல்லோருக்கும். 1871இல் சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குத் 'தருமபூமி' என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். யாருக்குத் தருமம் என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. ஊட்டுப்புரைகள் 20ஆம் நூற்றாண்டில் மெல்லச் சுருங்கிப்போயின.

நாடு விடுதலையான பிறகு சமையல் படிப்பு வந்ததும் பசியால்தான். 1954இல் பம்பாயில் முதல் கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியவர்கள் லீலாவதி முன்ஷியும் அவருடைய மகளிர் உணவு மன்றமும். அரிசிக்கும் கோதுமைக்கும் பதிலாக வேறு உணவுகளைச் சாப்பிடப் பழக்குவது அந்த மன்றத்தின் வேலை. இந்தக் கல்லூரிகள் முதலில் மத்திய அரசின் உணவுத் துறையில் இருந்தன. 1982இல் சுற்றுலாத் துறைக்குப் போயின. தேசிய ஓட்டல் மேலாண்மைக் கவுன்சிலும் அந்த வருடம்தான் அமைந்தது. என் கணக்கில், அதே மாற்றத்தில்தான் ஆஸ்பத்திரிக் கஞ்சியும் பள்ளிக்கூடச் சோறும் பாடத்திலிருந்து நழுவின. நட்சத்திர ஓட்டல் உள்ளே வந்தது. கோவளத்தில் இருக்கும் கல்லூரியைக் குறை சொல்லவில்லை. அங்கே படித்த பையன்களின் கைச்சுத்தமும் வேகமும் எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் கடல் பார்த்த அறையில் தங்குகிற ஒருவருக்குப் பரிமாறுவதும், உப்பு கூடாத 60 பேர், சர்க்கரை கூடாத 80 பேர், குழாய் வழியாகக் குடிக்கிற 12 பேர் என்று காலை ஆறு மணிக்குள் பிரித்து அனுப்புவதும் ஒரே படிப்பு அல்ல.

நானும் ஒருமுறை படிக்க விண்ணப்பம் போட்டேன். சமையல்காரனுக்கு எதற்குப் பட்டம் என்று வாயால் யாரும் சொல்லவில்லை. காகிதம் மேசையிலேயே கிடந்தது. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "உப்பு பார்க்க சர்ட்டிபிகேட் வேணுமால?" என்றார். அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எண்பது பேர் வேலை செய்யும் சமையலறையில், யாருக்கு எந்த ஷிப்ட், டெண்டரில் வந்த பருப்பைத் திருப்பி அனுப்பலாமா, ஆடிட்டருக்கு என்ன பதில் என்று முழிக்கிறவனுக்கு வேண்டும்.

அரசுச் சமையலறைகளின் பணிமூப்புப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எழுத்தர்களுக்குக் கொடுக்கிற படிப்பு விடுப்பை, கரண்டி பிடிக்கிறவர்களுக்கும் சம்பளத்தோடு கொடுங்கள். மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. அன்றைக்கும் காலைச் சாப்பாட்டை வார்டுகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் போக வேண்டியிருக்கிறது.