ஒரு வரியில் சாயம்

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தோம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் கல்லாறு. மாமனார் வீடு அந்தப் பக்கம். கொல்லையில் மிளகுக் கொடி உண்டு. "பழுத்த கொத்தா பாத்துப் பறிடா" என்றார் பேரனிடம். பையன் முழித்தான். "நீங்களே காட்டுங்க தாத்தா" என்றான். தாத்தாவும் முழித்தார்! பச்சை மணிகளுக்கு நடுவே இருந்த சிவப்பு மணிகள் இருவர் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை.

பையனுக்குச் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாது என்பது எங்களுக்கு அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் தெரியும். கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஒரு கணினி விளையாட்டு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் எதிரிக்குச் சிவப்புப் பட்டை, நண்பனுக்குப் பச்சை. இவன் இரண்டையும் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தான்.

அந்தப் பட்டைகளுக்கு நிறம் வந்த கதை சுவாரசியமானது. (வீட்டில் இந்த வயதில் பிள்ளை இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள் :-)) விளையாட்டு வெளியானது 2004 நவம்பரில். திரையில் தெரியும் பொத்தான், பட்டை எல்லாவற்றையும் ஆடுகிறவர்களே மாற்றி எழுத வழி வைத்தார்கள். அதற்குப் பெயர் ஆட்-ஆன். எழுதும் மொழி லுவா. இது 1993ல் பிரேசிலில், ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1977 முதல் 1992 வரை வெளிநாட்டுக் கணினிச் சரக்குக்கு அங்கே கடும் கட்டுப்பாடு. வாங்க முடியாததைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அதில் வந்தது. லைசென்ஸ் ராஜ் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆட்-ஆன் எழுத விளையாட்டு தரும் கட்டளைகளில் 'செட்வெர்டெக்ஸ்கலர்' என்று ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 1 வரை எண் கொடுத்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அந்த எண்களால் பெருக்கிவிடும். அவ்வளவுதான். கல்லாற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும்போது பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அடியில் இருக்கும் வெள்ளை மணல் தண்ணீரின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும், கருங்கல் கறுப்பாகவே கிடக்கும். அதனால்தான் படம் வரைகிறவர்கள் பட்டையை வெள்ளையிலோ வெளிர் சாம்பலிலோ வரைந்து வைப்பார்கள். ஒரே படம், நூறு நிறம். அந்தக் காலத்தில் நினைவகமும் மிச்சம்.

விளையாட்டே இந்தக் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. மந்திர சக்தி போதாவிட்டால் பொத்தானுக்கு 0.5, 0.5, 1 என்று நீலச் சாயம். பயன்படுத்தவே முடியாவிட்டால் மூன்றும் 0.4, அதாவது மங்கல். எதிரி எட்டாத தூரத்தில் இருந்தால் பொத்தான் முழுக்கச் சிவக்கட்டும் என்று ஆட்-ஆன்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் பாலடின், ஷாமன் இரு வகுப்புக்கும் ஒரே இளஞ்சிவப்பு. ஒருவர் ஒரு கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. ஒரே குழுவில் சேரவே முடியாது, ஆகவே குழப்பமில்லை. 2007 ஜனவரியில் வந்த விரிவாக்கத்தில் இரு கட்சிக்கும் இரண்டும் கிடைத்ததால் ஷாமன் நீலமானார். பழைய பதிப்பை 2019ல் மறுபடி வெளியிட்டபோது இளஞ்சிவப்பும் திரும்பி வந்தது. ஆட்களுக்குப் பொறுக்கவில்லை, நீலமாக்க உடனே ஆட்-ஆன் எழுதிவிட்டார்கள்!

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தச் சிவப்பு-பச்சைக் குறை உண்டு. நிறக்குறை உள்ளவர்களுக்கான வடிகட்டிகளை விளையாட்டு நிறுவனம் 2015ல்தான் சேர்த்தது. அதற்கு முன் பத்து வருஷம் அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தவை ஆட்-ஆன்கள். இதில் எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் திறந்து வைத்த கதவு அவர்களுடையது, அதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. தாத்தாவிடமிருந்து மகளுக்குப் போகும்; பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது. அவள் மகனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எழுபது வயது வரை மாமனாரை "மிளகு பறிக்கச் சோம்பேறி" என்றுதான் வீட்டில் கேலி செய்திருக்கிறார்கள். மனைவி அன்று மாலை அப்பாவிடம் அதிகம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

டொரோண்டோ திரும்பியதும் பையன் தன் ஆட்-ஆனில் இரண்டு வரியை மாற்றினான். நண்பனுக்கு நீலம், எதிரிக்கு மஞ்சள். போன ஞாயிறு வீடியோ காலில் தாத்தாவுக்குத் திரையைக் காட்டினான்.

"அந்த நீலமெல்லாம் நம்ம ஆளா?" என்றார் அவர்.