குளிர்காலத்துச் சோறு

அமெரிக்காவிலிருந்த என் டீம்மேட்டைப் பதினைந்து நிமிட வீடியோ காலில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். "என்ன காரணம்?" என்று கேட்டிருக்கிறார். "சொல்லணும்னு அவசியமில்ல" என்று பதில்.

இந்த 'அவசியமில்ல' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1765-இல் பிளாக்ஸ்டோன் எழுதிய இங்கிலாந்துச் சட்ட விளக்கம் வேறு மாதிரி சொல்கிறது: காலம் பேசாமல் ஆள் வைத்தால் அது ஒரு வருஷத்து வேலை. வேலை இருக்கும் பருவத்தில் உழைப்பை வாங்கியவர், இல்லாத பருவத்திலும் சோறு போட வேண்டும்.

1877-இல் ஹொரேஸ் வுட் என்ற அமெரிக்கச் சட்ட நூலாசிரியர் இதைத் தலைகீழாக்கினார்: காலம் பேசாத வேலையை இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம். அவர் காட்டிய நான்கு வழக்குகளும் அதற்கு ஆதாரமே இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் எழுதினார்கள். ஆனாலும் விதி ஊன்றிவிட்டது. குறிப்பிட்ட வியாபாரியிடம் சாமான் வாங்கினால் வேலை போகும் என்று ஒரு ரயில்வே கம்பெனி தொழிலாளர்களை மிரட்டிய வழக்கில், 1884-இல் டென்னசி உச்ச நீதிமன்றம் சொன்னது: அறத்துக்குப் புறம்பான காரணத்துக்காகக்கூட ஒருவரை நீக்கலாம்.

'இரு தரப்பும்' என்ற சொல்தான் உறுத்துகிறது. நான் விலகினால் கம்பெனி இன்னொரு ஆளைத் தேடும், அவ்வளவுதான். எச்-1பி விசாவிலிருந்த நண்பருக்கோ, வேறு வேலை தேட அல்லது நாட்டைவிட்டுக் கிளம்ப அதிகபட்சம் 60 நாள். பையன் பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சைகூட முடிந்திருக்கவில்லை.