விலை கூடிய மீன்தான் நல்ல மீனா? திண்டிவனம், விழுப்புரம் குடும்பங்களுக்கு ஒரு மீன் கையேடு

கடலில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கியிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கூறுகிறது. கடலிலிருந்து நாம் உண்ணும் இறைச்சியை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 14ஆம் வசனம் பசுமையானது, புத்தம் புதியது என்ற பொருள் தரும் சொல்லால் குறிப்பிடுகிறது. மீன் வாங்கும் எவருக்கும் இதுவே முதல் அளவுகோல்: விலைக்கு முன் புதுமையைப் பார்க்க வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கடற்கரை சுமார் 35 கிலோமீட்டர். விழுப்புரத்துக்கு புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்தும் மீன் வருகிறது. நம் மார்க்கெட்டுக்கு வரும் கடல் மீன் பெரும்பாலும் ஐஸில் இருந்து வந்ததே. விருந்தாளி வந்தால் வஞ்சிரம்தான் வேண்டும் என்று கடன் சொல்லி வாங்குவோரும் உண்டு. பக்கத்துக் கூடையில் உள்ள மத்தி அதைவிடப் புதிதாக இருக்கும்; அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சதைக் கணக்கு

மீனின் உண்மையான விலை, தராசில் சொல்லும் விலை அல்ல. தலை, குடல், செதில், முள் போக சட்டிக்கு வரும் சதையின் விலையே அது. உதாரணமாக, கிலோ 240 ரூபாய் மீனைச் சுத்தம் செய்தபின் 600 கிராம் மிஞ்சினால், சதை கிலோ 400 ரூபாய் ஆகிறது. கிலோ 360 ரூபாய் மீனில் 900 கிராம் மிஞ்சினால் அதுவும் அதே 400 ரூபாய்தான். ஒரு முறை சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள், கணக்கு விளங்கிவிடும்.

கடல் மீன்கள்

வஞ்சிரம்: நடுமுள் மட்டும், கழிவு குறைவு, வறுவலுக்கு ஏற்றது. துண்டு போட்ட பின் சீலாவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிவது கடினம். முழு மீனைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

வவ்வால்: மிருதுவான சதை. வெள்ளை வவ்வாலுக்கே விலை அதிகம். கருப்பு வவ்வால் உண்மையில் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்க வேண்டியதில்லை.

பாறை, கொடுவா: கெட்டியான சதை. குழம்பில் உடையாது. பெரிய குடும்பத்துக்கு வஞ்சிரத்துக்குப் பதிலாக நடுத்தரப் பாறை நல்ல தேர்வு.

சங்கரா: குழம்புக்குத் தனி ருசி. செதிலும் தலையும் கணிசமாகக் கழியும்.

கிழங்கான்: எளிதில் செரிக்கும். நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. முள்ளை எடுத்து ஊட்ட வேண்டும்.

மத்தி, கவளை, கானாங்கெளுத்தி: விலை குறைவு. புரதத்தில் வஞ்சிரத்துக்குப் பெரிதாகக் குறைந்தவை அல்ல. இதயத்துக்கு நல்லதான ஒமேகா 3 கொழுப்பு இவற்றில் தாராளமாக உண்டு.

நெத்திலி: முள்ளோடு உண்பதால் கால்சியமும் கிடைக்கிறது. வீணாவது மிகக் குறைவு.

ஏரி, அணை மீன்கள்

வீடூர் அணையும் சுற்றுவட்டார ஏரிகளும் நமக்கு அருகில் உள்ளன. கடலுக்குத் தொலைவில் இருப்போருக்குப் புது மீன் என்றால் பல நாளும் இதுதான். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் உயிரோடு விற்பார்கள். முள் குறைவு, விலை அதிகம். ஜிலேபி மலிவு, நுண்முள் இல்லை. கட்லா, ரோகு இரண்டிலும் சதைக்குள் நுண்முள் இருப்பதால் சிறு பிள்ளைகளுக்குக் கவனம் தேவை. ஆந்திரக் குளங்களிலிருந்து ஐஸில் வருபவையும் அதிகம் என்பதால், ஏரி மீன் என்றாலே இன்று பிடித்தது என்று எண்ண வேண்டாம். சேற்று வாடைக்குக் கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. பெரிய மீன் விலை ஏறும் அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறு மீனும் ஏரி மீனுமே கட்டுப்படியாகும்.

தாய்மார்கள் கவனத்துக்கு

பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் பிற மீன்களை உண்டு நெடுநாள் வாழும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை அது பரிந்துரைக்கிறது. புட்டு மத்தியிலும் செய்யலாம்.

வாங்கும்போது

கண் தெளிவாகவும் துருத்தியும், செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழ வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மலிவு என்று மாலை நேரத்தில் ஐஸில்லா மீனை வாங்குவது லாபமல்ல.

மார்க்க நிலை

மீனுக்கு அறுப்பு நிபந்தனை இல்லை. ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகும். நண்டும் கணவாயும் கூடாது; இறாலில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தானாகச் செத்து மிதக்கும் மீனையும் ஹனஃபிகள் உண்பதில்லை. ஏரி மீன் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் அனுமதி விரிவானது என்றாலும் நண்டு விஷயத்தில் பேச்சு உண்டு. இரு மத்ஹபினரும் உறவாடும் நம் வீடுகளில் விருந்து வைக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. ஐயம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் தெளிவு பெறுங்கள்.

குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்ததாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் உண்டு. ஒரு கிலோ வஞ்சிரத்தின் காசில் பல கிலோ மத்தி வாங்கலாம். அந்தக் குழம்பு நம் வீட்டுக்கும் போதும், பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.