புழு இருக்கிற உடம்பில் வைரஸ் வந்தால்?

வயிற்றில் புழு இருந்தால் கன்றுக்குட்டி வயிறு பெருத்து, ரோமம் சிலிர்த்து நிற்கும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தப் புழு, வெளியிலிருந்து வருகிற வைரஸ் கிருமிக்கும் இடம் கொடுக்குமா? புழுவையும் வைரஸையும் இப்படிச் சேர்த்துப் பார்க்க வைத்தவை பன்றிகள்.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். மக்காச்சோளமும் பன்றியும் அங்கே பெரிய பிழைப்பு. 1918-ல் ஃப்ளூ காய்ச்சல் மனிதர்களை வாரிக்கொண்டு போனபோது, அங்கே பன்றிகளும் இருமிக்கொண்டு படுத்துவிட்டன. இதுவும் அதே காய்ச்சல்தான் என்றார் கோயன் என்கிற கால்நடை இன்ஸ்பெக்டர். பன்றி வளர்த்தவர்களுக்குக் கோபம். ஏன்னா, இறைச்சியை அப்புறம் யார் வாங்குவார்கள்? 1931-ல் ரிச்சர்டு ஷோப் என்ற மருத்துவர் அந்தக் காய்ச்சலின் வைரஸைப் பிரித்துக் காட்டினார்.

ஷோப்புக்கு ஒரு சந்தேகம் மட்டும் விடவில்லை. குளிர்மழை தொடங்கியதும் பல பண்ணைகளில் ஒரே சமயத்தில் காய்ச்சல் வருகிறதே, மற்ற மாதங்களில் வைரஸ் எங்கே போய் ஒளிகிறது? பன்றியின் நுரையீரலில் ஒரு புழு உண்டு. அதன் முட்டை விட்டையோடு விழும். மண்புழு அதைத் தின்னும். பன்றி மண்ணைக் கிளறி அந்த மண்புழுவைத் தின்னும். இந்த நுரையீரல் புழுவுக்குள்ளேதான் வைரஸ் பதுங்கியிருக்கிறது என்று 1941-ல் எழுதினார்.

அந்தக் கருத்து நிலைக்கவில்லை. காய்ச்சல் பன்றிக்குப் பன்றி மூச்சு வழியாகவே தொற்றுகிறது. ஆனாலும் மனுஷன் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தாரே, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

2014-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் வேறொரு முடிச்சைக் கண்டார்கள். புழுவை எதிர்க்க உடம்பு ஒருவிதமாகவும், வைரஸை எதிர்க்க வேறுவிதமாகவும் தயாராகிறது. ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புழுப் பக்கம் மடை திறந்தால் வைரஸ் பக்கம் தண்ணீர் குறைகிறது. குடலில் புழு இருந்த எலிகளில் வைரஸை அழிக்கிற அணுக்கள் குறைந்துபோயின. இன்னொரு சோதனையில், உடம்பில் தூங்கிக்கிடந்த பழைய வைரஸ் புழு வந்ததும் விழித்துக்கொண்டது.

எல்லாப் புழுவும் எல்லா வைரஸுக்கும் இப்படி உதவுவதில்லை. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடற்புழு இருந்த எலிகள் நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸை நன்றாகவே தாங்கின. அதற்காகப் புழுவை வளர்க்க வேண்டாம். அது ரத்தம் குடிப்பது குடிப்பதுதான்!

தடுப்பூசியும் உடம்பைக் கிருமிக்கு எதிராகத் தயார் செய்வதுதானே? அடுத்த முறை கன்றுக்கு ஊசி போடும்போது, குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.