அப்டேட் முடிஞ்சும் கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? 'ஃபார்மட்' போடும் முன் இதைப் பாருங்க!

"விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் போட்டாத்தான் வரும்." அப்டேட்டுக்குப் பிறகு ஆன் ஆகாத லேப்டாப்பை சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் பல நேரம் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். பென்னாகரம் போன்ற ஊர்களில் கடைக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ், டிஎன்பிஎஸ்சி குறிப்புகள் எல்லாம் ஒரே சிஸ்டத்தில்தான் இருக்கும். வேறு காப்பி இருக்காது. தருமபுரிக்கு பஸ் ஏறும் முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

ஏன் இப்போது இந்தப் பிரச்னை?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதனால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். அதற்கு டிபிஎம் 2.0, குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும். இவை இல்லாத பழைய சிஸ்டத்திலும் குறுக்குவழியில் ஏற்றித் தருபவர்கள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பு மிகப் பழைய ப்ராசசர்களில் பூட்டே ஆகாது. அங்கே ரிப்பேர் செய்து பயனில்லை, பழைய பதிப்புக்குத்தான் திரும்பணும்.

முதலில் என்ன செய்யணும்?

அவசரப்படாதீங்க. சதவீதம் நகராமல் நின்றாலும், ஹார்டு டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில்கூட ஆகலாம். நடுவில் பவரை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. நம்ம ஊர் கரண்டை நம்பி, சார்ஜர் போடாமல் அப்டேட் தொடங்கவே கூடாது.

உண்மையிலேயே நின்றுவிட்டது என்றால் பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். கம்பெனி லோகோவே வரவில்லையா? அது பெரும்பாலும் ஹார்டுவேர் சிக்கல், கடைக்குத்தான் போகணும். லோகோ வந்து, பிறகு சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ்தான் காரணம். அதை நாமே பார்க்கலாம்.

லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' பாருங்கள். சரியாகவில்லை என்றால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. புதிய பதிப்புக்கு மாறி 10 நாட்களுக்குள் என்றால் பழையதற்கே திரும்ப வாய்ப்பு அதிகம்.

48 இலக்க எண் கேட்டால் பயப்பட வேண்டாம். அது பிட்லாக்கர் ரெகவரி கீ. உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் மொபைல் வழியாக லாகின் செய்தால் பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐடியில் செட் செய்து கொடுத்திருந்தால்தான் சிக்கல், அவரையே தேடணும்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகுதியை அழித்தால் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை வரலாம். ஃபைல்கள் அப்படியேதான் இருக்கும். பூட் பகுதியை மட்டும் திரும்ப எழுதச் சொல்லுங்கள், போதும்.

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் முடங்கியது நினைவிருக்கும். அதற்கே தீர்வு ஃபார்மட் இல்லை. சேஃப் மோடில் போய் கோளாறான ஒரு ஃபைலை நீக்கினார்கள், அவ்வளவுதான்.

வேறு வழியே இல்லை, ஃபார்மட்தான் என்றால் முதலில் ஃபைல்களை எடுத்துவிடுங்கள். அதே ரிப்பேர் திரையில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்வு செய்தால் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். ரைட் கிளிக்கில் காப்பி செய்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம், சி-யில் இல்லை என்றால் டி, இ எல்லாவற்றிலும் தேடிப் பாருங்க.