அறுபது கலம் நெல்

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சந்நிதி முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கால்கள்தான் நினைவுக்கு வரும். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் 31 வருஷம் நர்ஸாக இருந்தேன். டூட்டி மேசையிலிருந்து கடைசிக் கட்டிலுக்கு 62 எட்டு. நைட் டூட்டி முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கையில் பாதம் செருப்புக்குள் அடங்காது. அந்த நடை எந்த ரிஜிஸ்டரிலும் ஏறியதில்லை.

இந்தச் சந்நிதிக்கே ஓர் ஆஸ்பத்திரிக் கதை உண்டு. படையெடுப்பில் அழிந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் மறுபடி எடுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் வாரியாகக் கூலிக் கணக்கு வேண்டுமென்றால் பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் கல்வெட்டுக்குப் போக வேண்டும். 11ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலம். 15 கட்டில் கொண்ட ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. ஆண்டுக்கு வைத்தியருக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலம். மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கு 30. தண்ணீர் கொண்டுவருபவருக்கு 15.

அந்த அறுபதில் என் கண் நின்றுவிட்டது. ஆளுக்கு 30 என்றால் கத்தி பிடித்தவருக்கும் அதே நெல்தானே! காடு மேடு அலைந்த காலுக்கு அன்று மதிப்பு இருந்திருக்கிறது. பெண்களுக்கு அதில் பாதிதான் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

2008இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 36 ஆஸ்பத்திரிகளின் நர்ஸ்கள் இருப்பிடம் காட்டும் ரேடியோ வில்லையும் அடி எண்ணும் கருவியும் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் சரியாக எட்டாது. அதனால்தான் இந்த வில்லை. பத்து மணி நேரப் பகல் டூட்டியில் ஒருவர் 1 முதல் 5 மைல் வரை நடந்திருந்தார். இடைநிலை அளவு 3 மைல். அவ்வளவு தூரத்தில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி மலைக்கோட்டைப் பக்கம் போய்விடலாம்.

படித்ததும் அழுதுவிட்டேன். ஆனாலும் தூரம் மட்டும் போதாது. பக்கவாதம் வந்தவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது நர்ஸ் ஓரடிகூட நகர்வதில்லை. என் இடுப்பு போனது அங்கேதான்.

எங்கள் வார்டு ஆயாம்மா கீழ்க்குழாயிலிருந்து மாடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினார். அந்த அடி எண்ணும் கருவியை முதலில் அவர் இடுப்பில்தான் மாட்டியிருக்க வேண்டும். 44 படி, நான் எண்ணியிருக்கிறேன்.